அது குடல் இல்லை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. நடந்ததையும் அம்மா சொல்வதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அம்மா மல்லாந்து படுத்திருக்கிறாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள், அதனால் நாளைக் காலை வரை தலையைத் தூக்கக் கூடாது, தலையணையும் கிடையாது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். 'நலமா இருந்தா நான் எதுக்குடி இந்தக் கட்டில்ல கிடக்கறேன். நலமாகிட்டு வரேன்னு எழுது. அவன் நலமான்னு கேளு, மருமக நலமான்னு கேளு, வேளைக்குச் சாப்பிடறாங்களான்னு கேளு' என்றாள். கேட்டாகிவிட்டது. போனில் பேசக்கூடாதா என்று நீ நினைப்பாய். போன் என்றால் நீ நடுவில் புகுந்து பேசுவாயாம், கடிதத்தில் அப்படிப் புக முடியாதாம், கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆகவேண்டுமாம். இதையும் எழுதச் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அப்பா முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். அவருடைய போன் அடித்ததும் அம்மாதான் எடுத்து, ஈரக் கையோடு அவர் வாங்க வேண்டாம் என்று ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் வைத்தாள். நீ யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமலே ஆரம்பித்துவிட்டாய். 'அப்பா, நான் எல்லா மிஷினையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டேன். குடல்ல வர்ற கட்டிக்கு இவங்க சொல்ற மாதிரி உள்ள குழாயை விட்டுக் கதிர் கொடுக்கறதெல்லாம் தேவையே இல்ல. அவங்ககிட்ட அந்த மிஷின் சும்மா கிடக்கு, அதை ஓட்டணும்னு சொல்றாங்க. இங்க புது மிஷின்ல வெளியிலேருந்தே முடிச்சிடலாம், நான் இடம் சொல்லி வெச்சாச்சு. அந்தத் தேதியை வேண்டாம்னு சொல்லிட்டீங்கல்ல' என்றாய். அப்பா கத்தியைக் கையில் வைத்தபடி கண்ணாடியைப் பார்த்தே நின்றார். அம்மா அலமாரிப் பக்கம் குனிந்து, 'ஏண்டா, எந்தக் குடல்?' என்று கேட்டாள். நீ சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. 'அம்மா, நீ இதெல்லாம் போட்டுக் குழப்பிக்காதே, அப்பாகிட்ட குடு.'

குடுத்தாள். நுரை வழிகிற கையில் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நீ ஏதோ பேசினாய், அப்பா ம், ம் என்றார், வைத்துவிட்டார். பிறகு பாதி முகம் சவரம் பண்ணியும் பாதி முகம் பண்ணாமலும் வந்து நின்று, பையன்கிட்ட எப்படி அதைச் சொல்வது, வாயில் வரவில்லை, அதனால் குடல் என்று சொல்லிவிட்டேன், ஒரு தடவை சொன்னபிறகு மாற்ற முடியவில்லை என்றார். அண்ணா, எனக்கும் அப்போதுதான் தெரியும். அத்தை ஏன் குடலைச் சுத்தம் செய்கிற பொடியாக அனுப்பிக்கொண்டிருந்தாள், சித்தப்பா ஏன் வாழைப்பழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். 'வருஷா வருஷம் அந்த ஒரு பாடத்தை மட்டும் வீட்டுல படிச்சுக்கோங்கன்னு சொல்ற உயிரியல் வாத்தியாருக்கு வாக்கப்பட்டேன், எனக்கு வேணும். அவன் இந்த உலகத்துக்கு எந்த வழியா வந்தான்னு நினைச்சீங்க, குடல் வழியாவா? அவன் ஒன்பது மாசம் குடியிருந்த வீட்டோட வாசல்ல நோய் வந்திருக்கு. அதை அவன்கிட்ட சொல்ல உங்களுக்கு வெக்கம்' என்றாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன், இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்றாள்.

அப்பாவைச் சொல்லிவிட்டு உன்னிடம் வந்தாள். நீ ஐந்து வாரமாகத் தினம் போன் பண்ணினாயாம், ஒருநாள்கூட அம்மாவிடம் 'உனக்கு எங்கே நோய், என்ன பண்றாங்க, வலிக்குதா' என்று கேட்கவில்லையாம். நன்றாக இருக்கிறாயா, சரி, அப்பாகிட்ட குடு, இவ்வளவுதானாம். 'நோய் எனக்கு, நிலவரம் அவருகிட்ட. நான் என்ன பார்சலா, என்னை எந்த வண்டியில ஏத்தறதுன்னு இவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்கு?' நீ அனுப்பிய ஒப்பீட்டுப் பட்டியலை அப்பா கடையில் அச்செடுத்து வைத்திருந்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டி எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாய். எனக்குப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது. அம்மா கண்ணாடி போட்டு முழுவதும் படித்தாள். பேருந்து நிலையத்தில் இத்தனை வருஷமாக டிக்கெட் கொடுக்கிறவள் அல்லவா, அவளுக்கு உன்னைப் போல ஆட்களைத் தெரியுமாம். 'தினம் ஒருத்தன் வருவான். எந்த வண்டி வேகம், எதுல சீட்டு சாயும், எது புதுசுன்னு அரைமணி நேரம் கேப்பான். பின்னாடி வரிசை நிக்கும். எங்க போகணும்னு கேட்டா, அதை வீட்டுல கேட்டுச் சொல்றேம்பான். என் வயித்துல பிறந்ததும் அப்படி ஒண்ணுதான்.'

அதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்போது அப்பா இன்னொன்றைச் சொன்னார். வெள்ளிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய், திங்கட்கிழமை உள்கதிருக்குக் கொடுத்திருந்த தேதி வேண்டாம், யோசித்துச் சொல்கிறோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நீ வேண்டாம் என்று சொல்லச் சொன்னாய், ஏன் கூடாது என்று அவரால் உன்னிடம் சொல்ல முடியவில்லை, சொன்னால் குடல் பொய் வெளியே வரும், அதனால் செய்துவிட்டார். அம்மாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. வெளிக்கதிரும் உள்கதிரும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும், நடுவில் இடைவெளி விட்டால் மிச்சம் இருக்கிற நோய் மறுபடி தலைதூக்கும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அம்மா அதை நம்பித்தான் காய்ச்சல் அடித்த நாளில்கூட ஒரு நாள் விடாமல் போய்வந்தாள். வாரம் ஒருமுறை மருந்து ஏற்றிவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டே மறுநாள் போனாள். 'இதுக்கா போனேன்' என்று மட்டும் சொன்னாள். அப்பா மீதி முகத்தைச் சவரம் செய்யப் போகவே இல்லை.

திங்கட்கிழமை காலை மூன்று பேருமாகப் போனோம். அந்தக் காத்திருக்கும் கூடத்தை நீ பார்த்ததில்லை. சுவரோரம் பெஞ்சுகள், பெஞ்சு முழுக்கப் பெண்கள், ஒவ்வொருவர் மடியிலும் தண்ணீர் பாட்டில். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் சிறுகுடல் மேலே தள்ளி நிற்கும், கதிர் அதன்மேல் அதிகம் படாது, அதனால் எல்லோரும் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மிஷின் பழுது என்று அறிவித்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவார்கள். அம்மாவுக்கு அங்கே ஒரு சிநேகிதி, தையற்காரம்மா. அம்மாவைப் பார்த்ததும், 'என்னக்கா, இன்னிக்கு உள்ள போறேன்னு சொன்னியே, உன் இடத்துல வேற யாரோ போயிருக்காங்க' என்றார். 'என் வீட்டுல ரெண்டு பெரிய டாக்டருங்க இருக்காங்க, அவங்க வேண்டாம்னுட்டாங்க' என்று சொல்லிவிட்டு அம்மா நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள்.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உன் பட்டியலை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். என் பையன், படித்தவன் என்றாள் அம்மா. 'நல்லாத்தான் செஞ்சிருக்கார். மலக்குடல்ல கட்டி இருந்தா நானே இதுல பாதியைச் சொல்லியிருப்பேன். கணக்கு சரி, நோயாளிதான் வேற' என்றார். அம்மா, தன் நோய்க்கு எதை எதோடு ஒப்பிட வேண்டுமோ அதைத் தனக்குச் சொல்லும்படி கேட்டாள். எனக்குச் சொல்லுங்கள், இவரிடம் சொல்லாதீர்கள் என்று அப்பாவைக் காட்டினாள். டாக்டரம்மா மேஜைமேல் ஒரு தாளை வைத்து வரைந்தார். நடுவில் கர்ப்பப்பை, அதன் வாயில் கட்டி. முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், மேலே சிறுகுடல், எல்லாம் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இடித்துக்கொண்டு. பழைய முறையில் வெளிக்கதிரை நாலு பக்கமிருந்தும் பெட்டி மாதிரி பாய்ச்சுவார்களாம், பெட்டிக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் பங்கு கிடைக்கும், வயிற்றுப்போக்கும் எரிச்சலும் அதிகம். புது முறையில் கதிரின் வடிவத்தையே நோயின் வடிவத்துக்கு ஏற்ப வளைக்கலாம், குடலுக்கும் மூத்திரப்பைக்கும் போவது குறையும். உன் அண்ணன் சொல்வதில் இது உண்மை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆனால் அம்மாவுக்கு இங்கேயே ஐந்து வாரமும் அப்படி வளைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதை யாரும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

மிச்சம் இருப்பது கட்டியின் அடி. அதற்கு மிக அதிகமான கதிர் வேண்டும். அவ்வளவையும் வெளியிலிருந்து கொடுத்தால் எவ்வளவு வளைத்தாலும் மூத்திரப்பையையும் குடலையும் கடந்துதான் போகவேண்டும், அவை தாங்காது. தவிரவும் கர்ப்பப்பை ஓரிடத்தில் நிற்பதில்லை, மூத்திரப்பை நிறைந்தால் ஒரு பக்கம், காலியானால் ஒரு பக்கம், மூச்சு விட்டால்கூட அசையும். உள்ளே குழாய் வைத்தால் கதிர் கட்டியோடு சேர்ந்தே இருக்கும், அது அசைந்தால் இதுவும் அசையும். விரல் அகலம் தள்ளிப்போனாலே கதிரின் வீரியம் சட்டென்று குறைந்துவிடும், அதனால் பக்கத்தில் இருப்பவை தப்பிக்கும். உள்கதிருக்குப் பதிலாக வெளியிலிருந்தே முடித்துவிடலாம் என்று பல இடங்களில் முயன்று பார்த்திருக்கிறார்கள், பிழைத்தவர்கள் குறைவாகத்தான் இருந்தார்கள், அதனால் உள்கதிர் போட முடியாத நிலையில் உள்ளவர்களுக்குத்தான் அது என்றார். எந்த மிஷின் புதிது என்பது முக்கியம்தான், எந்த உறுப்பு என்பது அதற்கு முன்னால் வரும் என்றும் சொன்னார். நான் எல்லாவற்றையும் பாடநோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் இதே படத்தைத்தான் அவர் புரட்டிவிட்டுப் போவார், எனக்குத் தெரியும், நானும் அந்தப் பள்ளிக்கூடம்தானே.

ஆனால் இடம் போய்விட்டது. அடுத்த தேதி பத்து நாள் கழித்து என்றார்கள், அன்றைக்கு ஆரம்பித்தால் எல்லாத் தடவையும் முடிவதற்குள் எட்டு வாரம் தாண்டிவிடும். டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். உள்கதிருக்கு வரவேண்டியவர்களில் யாருக்காவது ரத்த அணு குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அந்த இடம் காலியாகும், ஜன்னலில் இருக்கும் குமாஸ்தா கூடத்தில் கூப்பிட்டுக் கேட்பார், ஆள் அங்கேயே இருந்து குரல் கொடுத்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் வார்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும். உணவுக்குழாய்க்கும் உள்கதிர் உண்டு, அதற்குக் கருவி வேறு, அதனால் உறுப்பைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அம்மா அப்பாவைப் பார்த்து, 'நீங்க கொடுத்துட்டு வந்த இடம், நீங்களே வாங்கிட்டு வாங்க' என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டாள்.

அன்று முழுக்க ஒன்றும் காலியாகவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். அத்தனை பெண்களுக்கு நடுவில் அப்பா பெஞ்சு நுனியில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தையற்காரம்மா அவரைப் பார்த்து, 'வாத்தியாரே, நல்லா உக்காருங்க, நாங்க யாரும் கடிக்க மாட்டோம்' என்றாராம். மத்தியானம் அம்மாவைக் கழிப்பறை வாசலில் விட்டுவிட்டு நான் தண்ணீர் பிடிக்கத் திரும்பி வரும்போது குமாஸ்தா ஜன்னலுக்குள்ளிருந்து கூப்பிட்டார், 'கர்ப்பப்பை வாய், நாளைக்கு ஒரு இடம், யாராவது இருக்கீங்களா?' அப்பா எழுந்துவிட்டார், வாயும் திறந்தது, சத்தம் வரவில்லை. குமாஸ்தா இன்னொரு தடவை கேட்டார். நான் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தேன், ஓடினாலும் எட்டாது. குமாஸ்தா வார்டுக்குப் போன் பண்ணக் கையை எடுத்தார். அப்போதுதான் அப்பா, கடைசி பெஞ்சுப் பையன்களுக்கும் கேட்கிற குரலில், 'இருக்கோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். என் மனைவிக்கு. வெளிக்கதிர் முடிஞ்சாச்சு, உள்கதிர் வேணும். வேற யாருக்கும் குடுக்காதீங்க' என்றார். கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. பின்னால் வந்து நின்ற அம்மா, 'பரவாயில்லை, மூச்சு இருக்கு' என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் பட்டியலை மடித்து, எதிர் பெஞ்சில் தன் அப்பாவின் மலக்குடல் நோய்க்காக வந்திருந்த ஒருவரிடம் கொடுத்து, 'உங்களுக்குத்தான் தம்பி போட்டிருக்கான் என் பையன், விலாசம் மாறி எனக்கு வந்துடுச்சு. டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க' என்றாள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

இன்று நடந்தது. காலையிலிருந்து பட்டினி. ஊசி போட்டு, குழாயை வைத்து, அது நகராமல் இருக்கத் துணி அடைத்து, ஸ்கேன் எடுத்து, கணக்குப் போட வெகுநேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அம்மா காலை அசைக்காமல் கிடந்தாள். பிறகு எல்லோரும் வெளியே வந்து கனமான கதவை மூடினார்கள். கம்பியின் நுனியில் அரிசியைவிடச் சிறிய கதிர்மணி ஒன்று குழாய் வழியாக உள்ளே போய், கணக்குப் போட்ட இடங்களில் நின்று நின்று திரும்பிப் பெட்டிக்குள் வந்துவிடுமாம். சில நிமிஷங்கள்தான். வெளியே ஒரு சின்னத் திரையில் அம்மாவின் கால் மட்டும் தெரிந்தது. வலிக்கவில்லை என்று எழுதட்டுமா என்று கேட்டேன். 'பொய் எழுதாதே. மரப்பு விட்டதும் வலிச்சுது. துணியை எடுக்கும்போது இன்னும் வலிச்சுது. அடுத்த தடவை வலிக்குத் தனியா மருந்து தரேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. இன்னும் சில தடவை இருக்கு, நாள் தப்பாம எல்லாத்துக்கும் போவேன்' என்றாள்.

இனி வருவது உனக்குப் புத்திமதி. அங்கே சொல்லிவைத்த இடத்தை நாளைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடு, குடல் நோய்க்காரர் யாருக்காவது உதவும். அண்ணியிடம் சரியான பெயரை நீயே சொல், அவளுடைய அம்மாவை விட்டுச் சொல்லவைக்காதே. அண்ணி இதற்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும், ஒன்றும் இல்லை என்றாலும் செய்துகொள்ள வேண்டும், அம்மா அதைத் தள்ளிப்போட்டதால்தான் இவ்வளவும். எனக்கு இந்த நோய் வராமலிருக்கத் தடுப்பூசி போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அதை விசாரித்து வருவது அப்பாவின் வேலை என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இனிப் பொடி அனுப்ப வேண்டாம் என்று அத்தைக்கு நீ எழுது. காரணம் கேட்டால் காரணத்தையும் எழுது. குளிர் நாளில் காதை மூடாமல் வெளியே போகாதே. உனக்கு அறிவு நிறைய இருக்கிறதாம், அதை எடுத்துவிடுவதற்கு முன்னால் யாருக்கு என்ன என்று கேட்கிற பழக்கம் மட்டும் வந்துவிட்டால் உன்னைப் பெற்றதற்குக் குறையே இல்லையாம். நீயும் அண்ணியும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருங்கள். அடுத்த முறை போன் செய்யும்போது அம்மாவின் எண்ணுக்குச் செய், மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(சொல்லச் சொல்ல எழுதியவள், உன் தங்கை)

அண்ணா, இதைக் காலையில் தனித்தாளில் நான் எழுதுகிறேன். இது பெண்கள் வார்டு, நேற்று ராத்திரி பார்க்கும் நேரம் முடிந்ததால் அப்பாவை உள்ளே விடவில்லை. கடிதத்தை வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. பேனாவை வாங்கிச் சுவரில் தாளை வைத்து அடியில் எழுதினார்:

'உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். குடல் என்று சொன்னவன் நான். என் பொய்யால் ஐந்து வாரம் உன்னால் அவளைச் சரியாகக் கேட்க முடியாமல் போனது. இனி அவளிடமே கேள். அப்பா.'

அம்மா தாளை முகத்துக்கு மேலே பிடித்து அதைப் படித்தாள். கேலியாக ஏதாவது சொல்வாள், அதையும் எழுதலாம் என்று காத்திருந்தேன். 'இன்னும் வாசல்லயா நிக்கறார்?' என்று கேட்டாள். நிற்கிறார் என்றேன். 'சாப்பிட்டாரான்னு கேட்டுட்டு வா' என்றாள். நான் எழுந்திருப்பதற்குள் நர்ஸ் வந்து விளக்கை அணைத்துவிட்டார்.